நுழைவு வளைவு வேண்டாம், அந்த நோட்டைத் தொடருங்கள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், அம்மாவிடம் படித்த அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

கடந்த தை மாதம் அம்மா காலமானபோது, திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போட்டது போட்டபடி வந்து எங்கள் வாசலில் நின்றீர்கள். அந்த நன்றியை நான் இன்னும் முறையாகச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், பள்ளி வாசலில் அம்மா பெயரில் நுழைவு வளைவு ஒன்று கட்டுவதென்றும், வகுப்பறையில் அவர் படத்தைத் திறந்து வைப்பதென்றும் பேசி முடித்து, அதற்குப் பணமும் திரட்டத் தொடங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அன்பினால் எடுத்த முடிவு என்பதால் அன்றைக்கு மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன், வளைவு வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. அதை அம்மாவே ஒரு நோட்டில் தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்.

அம்மா 1981இல் இடைநிலை ஆசிரியையாக வேலையில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் வேறோர் ஊரில் பணியாற்றிவிட்டு 1985இல் நம் பள்ளிக்கு வந்தவர், 2017இல் ஓய்வு பெறும் வரை இங்கேயே இருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு ஜூலையில்தான் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. வெறும் வயிறாக வந்து மதியத்துக்குள் சுருண்டு படுத்துவிடும் பிள்ளைகளை ஓராண்டு பார்த்தவர் என்பதால், சோற்றுப் பானையைத் திறக்கும் நேரத்தில் அவர் ஒருநாளும் வேறு வேலை பார்த்ததில்லை என்பதை நீங்களே அறிவீர்கள்.

நான் 1986இல் பிறந்தேன். அன்றைக்குப் பிரசவ விடுப்பு மூன்று மாதம். இன்றைக்கு அது ஓராண்டாகியிருப்பதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் மலர்ந்து போகும். மூன்று மாதம் முடிந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கு வந்தார். சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறையின் உத்தரத்தில் தூளி கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைச் சன்னல் வழியாக வகுப்பறைக்குள் விட்டிருந்தார். கடைசி வரிசையில் இருந்த அக்காமார் முறை வைத்து அந்தக் கயிற்றை இழுத்தபடியே வாய்ப்பாடு சொன்னார்களாம். இழுத்தவர்களில் இருவர் இன்று இந்தக் குழுவில் உறுப்பினர்கள். நடக்கத் தொடங்கிய பிறகு நானும் எல்லாப் பிள்ளைகளையும் போல அவரை “டீச்சர்” என்றே கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மாற வெகுநாள் ஆயிற்று.

1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று முனைந்து நின்றார். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், களையெடுக்கப் போன பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கானோர் அந்த நாட்களில் சைக்கிள் பழகினார்கள். அம்மாவுக்கு அப்போது 32 வயது. கண்மாய்க் கரையில் இரண்டு முறை விழுந்து, முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் போனார். பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலரும் ஆண்கள் சைக்கிளைத்தான் ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே வசதி என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பாரில் உட்கார்ந்த பிள்ளை நான். துண்டை மடித்துப் பாரில் சுற்றி என்னை உட்கார வைத்து, கைப்பிடியில் அரிக்கேன் விளக்கை மாட்டிக்கொண்டு, பகலெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரவில் அவர்களின் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்புவார். விளக்குக் கண்ணாடியின் சூடு என் காலில் படாதிருக்கத் தம் முழங்காலை வளைத்து வளைத்து மிதிப்பார்.

அந்த இரவு வகுப்புகளில்தான் அம்மா ஒன்றைக் கண்டுகொண்டார். கையெழுத்துப் போடப் பழகிய தாய்மார் பலரும், தங்கள் மகளை 5ஆம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தைலமரக் காட்டைத் தாண்டி நடந்து போக வேண்டும் என்பது ஒரு காரணம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது இன்னொன்று. பெரிய மனுஷியாகிவிட்டால் யார் துணைக்குப் போவது என்பது வாய் திறந்து சொல்லாத காரணம். அன்றைக்குத்தான் அந்த நோட்டைப் போட்டார்.

பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்ட நீள நோட்டு அது. நம் பள்ளியில் 5ஆம் வகுப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், முடித்த ஆண்டும், 6ஆம் வகுப்பில் சேர்ந்த பள்ளியும், கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பும் அதில் இருக்கின்றன. “குவாரிக்குப் போகிறாள், தாயிடம் பேசினேன்.” “தம்பிக்காக நிறுத்தியிருக்கிறார்கள், ஆடி கழிந்து மீண்டும் போக வேண்டும்.” “அப்பா சம்மதம், பாட்டி சம்மதமில்லை.” இப்படிப் பக்கம் பக்கமாக நீல மையில் எழுதியவர், பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால் மட்டும் சிவப்பு மையில் “சேர்ந்தாள்” என்று எழுதித் தேதியும் போட்டிருக்கிறார். சில பெயர்களுக்கு நேரே சிவப்பு மை வர இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சில பெயர்களுக்கு வரவேயில்லை. அந்தப் பெயர்களை அம்மா சாகும் வரை மறக்கவில்லை.

அந்தச் சிவப்பு மைக்கு எங்கள் வீடும் விலை கொடுத்தது என்பதை மறைக்க மாட்டேன். 2001இல் எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கணக்குத் தேர்வுக்கு முந்தைய மாலையில் அம்மா யாரோ ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரவு ஒன்பது மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் நான் பேசவில்லை, சாப்பிடவுமில்லை. அம்மா சமாதானம் எதுவும் சொல்லாமல் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, விடிய விடிய என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். யாருடைய வீட்டுக்குப் போயிருந்தார் என்பது இந்தத் தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அக்கா இப்போது செவிலியர். அம்மாவைக் குளிப்பாட்டும்போது ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், “மூணு நாளா வந்து தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருந்தாங்க” என்று சொல்லி அழுதார். என் பதினைந்து வயதுக் கோபம் அந்த இடத்தில்தான் தீர்ந்தது.

இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் கல்வித் துறையின் கணினியில் பதிந்து வைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அந்த உதவி, 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து மேலே வந்தவளுக்குத்தானே கிடைக்கும்? அரசு தரும் விலையில்லா சைக்கிள் 11ஆம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைக்குத் தூரமோ 6ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பேருந்தில் போக அட்டை இருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பேருந்து இல்லை. ஒரு பிள்ளை வரவில்லை என்பதைக் கணினி காட்டிவிடும். அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவை யாராவது போய்த் தட்டினால்தானே அவள் திரும்பி வருவாள்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வளைவுக்கென்று திரட்டும் பணத்தில், ஒவ்வோர் ஆண்டும் நம் பள்ளியை முடித்து 6ஆம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். நம் பள்ளியின் பிள்ளைக் கணக்குக்கு அது ஆண்டுக்கு ஏழெட்டைத் தாண்டாது. என் பங்காக அம்மாவின் பணிக்கொடையில் மிஞ்சியிருக்கும் தொகையைத் தருகிறேன். அதைவிட முக்கியமாக, அந்த நோட்டைக் குழு தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ள வேண்டும். குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கிறீர்கள். எந்த வீட்டில் எப்போது போய் உட்கார்ந்தால் பேச்சு எடுபடும் என்பது கணினியைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

படத்திறப்பு விழாவையும் தவிர்த்துவிடுங்கள். சுவரில் படம் மாட்ட ஆணி அடித்தாலே “காரை பெயரும்” என்று பதறுகிறவர் அவர்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு நோட்டை எடுத்து வருகிறேன். ஓய்வு பெற்ற ஆண்டோடு பெயர்கள் நின்றுவிட்டன. ஆனால் மீதிப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் அம்மா அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு முடித்திருக்கிறார்.

இப்படிக்கு,
டீச்சர் மகள்