மறந்துபோனதா, பதியவே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாபகசக்தி பிறவியிலேயே வர வேண்டும், இல்லாத பிள்ளைக்கு என்ன செய்தாலும் ஏறாது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 31 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஏறக்குறைய இதையே ஒரு தாயிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. ஐந்து நிமிடத்துக்கு முன் படித்த ஆண்டைக் கேட்டால்கூட விழிப்பான். ஒருநாள் வகுப்புக் கடிகாரம் நின்றுபோனது. மேசையில் காகிதத்தை விரித்து அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான். அதற்குள் மணி அடித்துவிட, எல்லாவற்றையும் வாரி ஒரு டப்பாவில் போட்டு வைத்தான். இரண்டு நாள் கழித்து வந்து, ஒரு பல்சக்கரம், ஒரு திருகாணி மாறாமல் பூட்டினான். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஆனாலும் அது ஞாபகசக்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

சதுரங்க வல்லுநர்கள் நிஜ ஆட்டத்தின் பலகையைச் சில நொடிகள் பார்த்தாலே பெரும்பாலான காய்களை அப்படியே அடுக்கிவிடுவார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் அவர்களும் கிட்டத்தட்ட நம்மைப் போலத்தான். 1980-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் வியப்பு. ஒருமுறை கேட்டால் ஏழு இலக்கம் வரை திருப்பிச் சொல்லத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், ஒன்றரை ஆண்டுக்கு மேல் பயிற்சி செய்து சுமார் 80 இலக்கங்களைக் கேட்டவுடன் ஒப்பித்தார். அவர் ஓட்டக்காரர், எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றிப் பிடித்துக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது சுமார் ஆறுதான். தெரிந்த விஷயத்தோடு கோத்துக்கொள்ள முடிந்தால் நிற்கிறது. அந்தப் பையனுக்குச் சக்கரங்கள் அப்படி. நான் சொன்ன ஆண்டுகளுக்கு அவனிடம் கோக்க ஒன்றுமே இல்லை. அவை பதியவே இல்லை. அதை நான் மறதி என்று நினைத்துவிட்டேன்.

பிறவி வித்தியாசமே கிடையாது என்று சொல்லவில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, வயதுக்கும் உண்டு. ஆனால் ஞாபகத்திலேயே பல வகை இருக்கிறது. வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலேசனுக்கு, அதன்பின் நடந்தவை மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாமல். ஒன்றில் குறை என்றால் எல்லாமே குறை என்று எப்படிச் சொல்வது?

தூக்கமும் இருக்கிறது. பகலில் படித்தது உறங்கும்போது மூளையில் மேலும் உறுதிப்படுகிறது. அந்தப் பையன் இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று நான் கேட்டதே இல்லை.

உங்கள் தேர்வுக்காலப் பக்கங்களில் இதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டுத் தானே சொல்லிப் பார்த்தால் நாள்பட நிற்கும் என்பதை.

அந்தத் தாய் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. அவர் கண்ணில் இது பட்டால்: அம்மா, அன்று உங்கள் பிள்ளையைப் பற்றி நான் சொன்னது தவறு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை