பெயரில்லாத ‘ஆள் தேவை’ விளம்பரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு வரி விளம்பரங்களில், ‘பிரபல பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு மெர்ச்சண்டைசர் தேவை, 5 ஆண்டு அனுபவம், பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் அனுப்பவும்’ என்று ஒரு செல்பேசி எண்ணோடு முடிகிறவை நிறைய. மெர்ச்சண்டைசர் என்றால், ஆர்டர் கொடுக்கிற பையரோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுக்கிறவர். கம்பெனி பெயர் இருக்காது, ஏரியாவும் இருக்காது. திருப்பூரிலும் கோவையிலும் பணியாளர் துறையில் இருக்கிறவர்கள் நாங்கள். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அந்த எண் அவருடைய மேனேஜருடையதாகவே இருக்கலாம். வேலை தேடுகிறவரின் நாற்காலிக்கே ஆள் தேடுகிற விளம்பரமாகவும் இருக்கலாம்.

கன்சல்டன்சி எண் என்றாலும் நிம்மதி இல்லை. ஒரே கன்சல்டன்சி பத்துப் பதினைந்து கம்பெனிகளுக்கு ஆள் கொடுக்கும். அதில் உங்கள் கம்பெனியும் ஒன்றாக இருக்கும். நீங்கள் கிளம்பினால் அந்தக் காலியிடத்தை நிரப்பும் வேலையும் அவர்களுக்கே. போதாக்குறைக்கு, இரண்டு முதலாளிகளும் ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருகிற ஊர் இது. “ஏனுங்க, உங்க பையன் ஒருத்தன் நம்மகிட்ட வந்தானுங்க” என்ற ஒரு வார்த்தை ரசம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் முதலில் போனில் பேசி, கம்பெனி எது, எந்த ஏரியா என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் முழு பயோடேட்டாவை அனுப்பாதீர்கள். பெயர், இப்போதைய கம்பெனி, போட்டோ மூன்றும் இல்லாமல் அரைப் பக்கம் போதும். அதையும் வழக்கமான வாட்ஸ்அப் எண்ணிலிருந்து அனுப்ப வேண்டாம். மெர்ச்சண்டைசர்கள் பையர் பெயர்களை வரிசையாக எழுதுவது வழக்கம். பையர் பெயரையும் மாத பீஸ் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் எந்த ஃபேக்டரி, எந்த டீம் என்று திருப்பூரில் யாரும் சொல்லிவிடுவார்கள். ‘ஐரோப்பிய பையர், குழந்தைகள் ஆடை’ என்று எழுதினால் போதும். சிஎன்சி (கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷின்), பேட்டர்ன் வேலைக்காரர்கள் டிராயிங்கையோ ஜாப் போட்டோவையோ சாம்பிளாக அனுப்பவே கூடாது. செலவுக் கணக்கு இருக்கும் காஸ்டிங் ஷீட்டும் அப்படித்தான். வேலை தேடுவது குற்றமல்ல. கம்பெனி ரகசியத்தை வெளியே கொடுப்பது சீட்டைக் கிழிப்பதற்குப் போதுமான காரணம்.

வேலை தேடும் இணையதளமான நௌக்ரியில் குறிப்பிட்ட கம்பெனிகள் உங்கள் விவரத்தைப் பார்க்காமல் தடுக்க வசதி உண்டு. ஆனால் பலர் தாய்க் கம்பெனியை மட்டும் தடுத்துவிட்டு, அதே குழுமத்தின் மற்ற பெயர்களை விட்டுவிடுகிறார்கள். ஸ்பின்னிங் ஒரு பெயரில், பிராசசிங் ஒரு பெயரில், எக்ஸ்போர்ட் ஒரு பெயரில் என்று நடத்துவதுதான் இங்கே வழக்கம். எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். லிங்க்ட்இன்னில் ‘வேலைக்குத் தயார்’ என்பதை ஆள் எடுப்போருக்கு மட்டும் காட்டும்படி வைக்கலாம். அது முழு மறைப்பு என்று அந்த நிறுவனமே உறுதி தருவதில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர், ஆபீஸ் மெயில், ஆபீஸ் பிரிண்டர் மூன்றையும் தொடாதீர்கள். சொந்த ஜிமெயிலை ஆபீஸ் கம்ப்யூட்டரின் குரோமில் ஒருமுறை திறந்து வைத்தாலே, இன்டர்வியூ அழைப்பு ஒருநாள் எல்லோர் முன்னாலும் திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும்.

‘ட்ரையல்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வேறு ஃபேக்டரியில் ஒரு வாரம் மெஷினில் நிற்கிறவர்கள் உண்டு. அங்கே கையில் அடிபட்டால், பெயர் பதிவில் இல்லாததால், தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் விபத்துப் பலன் கேட்டு அலைய வேண்டியிருக்கும். இஎஸ்ஐயில் நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டு அப்படி நின்றால் அது வேறு வழக்கு. புதிய இடத்தில் உங்கள் யுஏஎன் எண்ணை (வருங்கால வைப்பு நிதியான பிஎஃப்-க்கு உரிய நிரந்தர எண்) கொடுத்து, பழைய இடத்தில் விடுவித்த தேதிக்கு முன்பே சேர்ந்ததாகப் பதிவாகிவிட்டால், பிஎஃப் சர்வீஸ் விவரத்தில் இரண்டு வேலையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். முன்பு பணத்தை மாற்றும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதை மட்டும் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று 2025-இல் பிஎஃப் அமைப்பு சொல்லிவிட்டது, ஆனாலும் விளக்கம் கேட்கலாம். திருத்த வேண்டுமானால் கூட்டு உறுதிமொழிப் படிவம். அதில் கோபத்தோடு அனுப்பிய பழைய கம்பெனியின் ஒப்புதலும் தேவைப்படலாம். பழைய இடத்தின் கடைசி நாளுக்கு மறுநாளே புதிய இடத்தின் முதல் நாளாக இருக்கட்டும்.

கிளம்பும் தேதியிலும் பணம் இருக்கிறது. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இல்லாதவர் என்றால், 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்றால் 5 ஆண்டுக்கு 18,000 × 15 ÷ 26 × 5, அதாவது ஏறத்தாழ 51,900 ரூபாய். நான்கே முக்கால் ஆண்டில் 1,500 ரூபாய் கூடுதலுக்காகக் கிளம்புகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் அதைக் காட்டிப் பணம் வாங்க நீங்கள்தான் அலைய வேண்டும். போனஸ் அப்படியல்ல: சட்டத்தின் சம்பள வரம்புக்குள் இருப்பவருக்கு நிதியாண்டில் 30 நாள் வேலை செய்தாலே உரிமை வந்துவிடும், சட்டப்படி குறைந்தது 8.33 விழுக்காடு. தீபாவளிக்கு முன் நின்றவருக்குக் கிடையாது என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. இஎஸ்ஐக்கு 2017-இல் வைத்த சம்பள வரம்பு 21,000 ரூபாய். இஎஸ்ஐ கணக்கில் வரும் சம்பளம் 20,500-இலிருந்து 22,500-க்குத் தாவுகிறவர் புதிய இடத்தில் இஎஸ்ஐக்குள் வரமாட்டார். அம்மாவுக்குச் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், அந்த 2,000 ரூபாய் உண்மையில் உயர்வுதானா என்று பார்க்க வேண்டும்.

வாய்வார்த்தையை நம்பி ராஜினாமா கொடுக்காதீர்கள். சேரும் தேதி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்ற பிரிவு, கையெழுத்து மூன்றும் உள்ள கடிதம் வந்த பிறகே நோட்டீஸ். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது ஆர்டர்கள் எப்படி ஆட்டம் கண்டன என்பதைத் திருப்பூர் பார்த்தது. ஆர்டரை நம்பித் தருகிற வேலை ஆர்டரோடு போகும். அசல் சான்றிதழ்களைக் கம்பெனி வாங்கி வைத்திருந்தால், நோட்டீஸ் கொடுத்த பிறகு கேட்பதைவிட, கல்லூரி விண்ணப்பம், பாஸ்போர்ட் என்று ஏதாவது காரணம் சொல்லி முன்கூட்டியே வாங்கிக்கொள்வது லேசு. அப்படி வாங்கி வைப்பதே சரியில்லை என்பது வேறு விஷயம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பெனி பெயரைப் போட விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. குறைந்தபட்சம், எண் கம்பெனியுடையதா கன்சல்டன்சியுடையதா என்பதையும், பெருந்துறை சிப்காட், குறிச்சி சிட்கோ, கரூர் என்பதுபோல் ஏரியாவையும் விளம்பரத்தில் கட்டாயமாக்கலாம். இரண்டு சொல் கூடும். விளம்பரக் கட்டணம் சற்று ஏறும். ஆள் எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் அதைக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
பணியாளர் துறை அலுவலர்கள் சிலர்,
திருப்பூர், கோவை.