ஸ்பானிய மொழியைத் தமிழ் வழியே கற்பியுங்கள்: நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் மொழித்துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

ஸ்பானிய வகுப்பு தொடங்க எண்ணுவோர் ஆங்கில வழிப் பாடநூலை மட்டும் நம்ப வேண்டாம்; தமிழோடு ஒப்பிட்டுக் கற்பியுங்கள். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி நமக்குப் பக்கந்தானே.

'ஐ லைக்' என்பதை மனதில் வைத்து எழுதும் மாணவர் 'யோ குஸ்தோ' என்று தவறுவார். 'எனக்குப் பிடிக்கும்' என்று தொடங்கினால் 'மே குஸ்தா' தானே வரும். 'மே' என்பதுதான் 'எனக்கு'. பிடித்தவை பலவானால் வினை 'குஸ்தான்' ஆகும். நம் 'பிடிக்கும்' மாறுவதில்லை, அதனால் தவறு விழுவது இந்த இடத்தில்தான்.

'தம்பியைத் தேடுகிறேன்' என்பதில் வரும் 'ஐ' போல, ஸ்பானியத்தில் ஆட்களுக்கு முன் 'ஆ' வரும்: 'புஸ்கோ ஆ மி எர்மானோ'. 'புத்தகத்தைத் தேடுகிறேன்' என்பதற்கு அந்த 'ஆ' வராது. உயர்திணை, அஃறிணை என்று சொன்னாலே நம் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறிக்க விடாதீர்கள். முத்தத்துக்கும் எடைக்கும் ஒரே 'பேஸோ' என்று எழுதிவிடுவார்கள்; முதல் ஒலிக்கு ஒன்றில் தொண்டை அதிரும், மற்றதில் அதிராது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்று நாவை உருட்டினால் நாய். பேச்சில் மங்கிய ரகர றகர வேறுபாட்டை முதல் வாரமே மீட்டெடுக்க வேண்டும்.

இடைக்கால நூல்களை முதுகலைக்கு என்று ஒதுக்கிவைக்காதீர்கள். பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் பாரசீகம், அரபு வழியே போய் 1251இல் காஸ்தீலிய மொழியில், அதாவது பழைய ஸ்பானியத்தில், 'கலிலா, திம்னா' ஆனார்கள். இந்தக் கதையில் ஒரு பக்கம் போதும். அன்று 'ஃப' ஒலியில் தொடங்கிய மகன் என்ற சொல் இன்று வெறும் 'இஹோ'. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆனதை நினைவூட்டினால் மாற்றம் விளங்கும். இரட்டை 'ன'வைச் சுருக்க எழுத்தர்கள் மேலே இட்ட குறியே இன்றைய ஸ்பானிய 'ஞ' ஒலி எழுத்தின் மேலுள்ள அலைக்குறி. புள்ளியிடாத தமிழ் ஏட்டுச் சுவடியை அருகில் வைத்து, அந்தப் பழைய பக்கத்தை முதலில் கண்டபடியே படியெடுக்கச் சொல்லுங்கள். விடுபட்டதை நிரப்புவது அடுத்த நாள் வேலை. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் ஊகத்தையே படித்துவிடுவார்கள்.

பருவம் முடியும்போது பிள்ளைகள் அக்கதையைப் பாளையங்கோட்டை நூலகத்திலோ ஊர்ப் பள்ளியிலோ இரு மொழியிலும் சொல்லட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம், கையில் தாள் கூடாது. அதற்கும் மதிப்பெண் உண்டு என்று பாடத்திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்பானியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்