எதிர்மனுதாரரே நடத்தும் நீதிமன்றம்: பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

ராணுவத்தினரின் வழக்குகளை விசாரிக்க சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில், முன்னாள் ராணுவத்தினரான எங்கள் ஆட்கள் போட்ட மனு ஒன்றை எடுத்துப் பாருங்கள், எதுவானாலும் சரி. மனுதாரர் பெயருக்குக் கீழே முதல் எதிர்மனுதாரர் யார் என்று பார்த்தால், ‘இந்திய ஒன்றியம், பாதுகாப்பு அமைச்சகச் செயலர் வழியாக’ என்று இருக்கும். பென்ஷன் கேட்டுப் போனாலும், கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற) தண்டனையை எதிர்த்துப் போனாலும் இதே வரிதான். அந்தத் தீர்ப்பாயத்துக்கு நிதி ஒதுக்குவது யார், ஊழியர் கொடுப்பது யார், உறுப்பினர் நியமனக் கோப்பை நகர்த்துவது யார் என்று கேட்டால், அதற்கும் பதில் அதே அமைச்சகம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணான் சாட்சி சொல்வதோடு நிற்கவில்லை, கோர்ட்டையே நடத்துகிறது.

தீர்ப்பாயத்தில் உட்காருபவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீதித்துறையிலிருந்து ஒருவரும் ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்த ஒருவரும் சேர்ந்து விசாரிக்கிறார்கள். சியாச்சின் என்றால் என்ன, ஃபீல்டு போஸ்டிங் என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்களுக்குச் சாதகமான தீர்ப்புகள் நிறையவே வந்திருக்கின்றன. கோளாறு தீர்ப்புக்கு முன்னும் இருக்கிறது, பின்னும் இருக்கிறது.

இந்தத் தீர்ப்பாயம் சும்மா வந்துவிடவில்லை. ராணுவச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு வழியில்லையே என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே வருத்தப்பட்டது. 1999-ல் சட்ட ஆணையம் பரிந்துரை செய்தது, 2007-ல் சட்டம் வந்தது, 2009 ஆகஸ்டில் தீர்ப்பாயம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டால், தனி நீதிமன்றம் வந்தது நல்லதுதான் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

சரி, வழக்கு எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உண்டு. அங்கே ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு பென்ஷன் காகிதம் எழுதித் தருவது ஓய்வுக்குப் பிறகு என் வேலை ஆகிவிட்டது. மஞ்சப்பையில் கொண்டுவருவார்கள்: டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், ஓய்வு பெறும்போது உடம்பைச் சோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கை. அந்த அறிக்கையில் நோய்க்குக் காரணம் எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது. பிளட் பிரஷர், டிசபிலிட்டி (உடல் இயலாமை) 30 சதவீதம் என்று போட்டிருக்கும். அதற்கு எதிரே, ‘நோய் தொடங்கியது பீஸ் ஸ்டேஷனில் (களப்பகுதி அல்லாத முகாமில்), களப்பணிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை’ என்று ஒரு வரி. எந்த ஊர்க்காரர், எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் என்று பார்த்தால் எல்லாம் வேறுவேறு, அந்த வரி மட்டும் மாறாது. இருபதாண்டுக்கு மேல் லடாக்கிலும் மணிப்பூரிலும் மாறி மாறி இருந்தவர், கடைசி இரண்டு வருஷம் சமவெளியில் இருந்தபோது பிரஷர் தெரியவந்தது என்பதற்காக, ராணுவப் பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று முடித்துவிடுகிறார்கள்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்கள் அமைச்சகத்துக்குத் தெரியாதது அல்ல. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது நல்ல உடம்போடு சேர்ந்தவர், சேரும் சமயத்துப் பதிவில் நோய் எதுவும் இல்லாதவர், பிறகு நோயோடு வெளியே வந்தால், அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. அடுத்த ஆண்டு டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கும் டிசபிலிட்டி சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கித் தர வேண்டும் என்றும் தீர்ந்துவிட்டது. 20-லிருந்து 49 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு 50 என்ற கணக்கு.

அந்தக் கணக்கில் எவ்வளவு பணம் வருகிறது? நூறு சதவீத டிசபிலிட்டிக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 40,000 ரூபாய் வாங்கிய ஒரு ஹவில்தாருக்கு 30 சதவீதம் என்றால் மாதம் 3,600, அதை 50 ஆக்கினால் 6,000. அகவிலைப்படி தனி. இந்த ஆறாயிரத்துக்காக அவர் முதலில் உங்களிடமே ஒரு அப்பீல் போடுகிறார், நிராகரிக்கிறீர்கள். இரண்டாவது அப்பீல், அதற்கும் அதே பதில். அப்புறம்தான் தீர்ப்பாயம். அங்கே ஜெயித்தாலும், பழைய பாக்கி பெரும்பாலும் மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைத்துவந்தது; 2008-ல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த தர்சேம் சிங் தீர்ப்பு அப்படி. ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் கழித்து விஷயம் தெரிந்து வந்தவருக்கு ஏழு வருஷப் பணம் போனது போனதுதான்.

ஜெயித்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் பெரிய வருத்தம். தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து நீங்கள் டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறீர்கள். மனோகர் பாரிக்கர் அமைச்சராக இருந்தபோது, 2015-ல், அமைச்சகமே போட்ட நிபுணர் குழு இந்த மாதிரி அப்பீல்களைத் திரும்பப் பெறச் சொன்னது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் என்ன ஆயிற்று? காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கம், கடுங்குளிரில் ரோந்து போய் இறந்த, நாயக் பதவியில் இருந்த ஒரு வீரரின் மனைவிக்குக் கூடுதல் குடும்ப ஓய்வூதியம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவு போட்டது. அரசு அப்பீல் செய்தது. அந்த அம்மாவை இந்த நீதிமன்றம் வரை இழுத்திருக்கவே கூடாது என்று சொல்லி, அரசுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகை விதித்துத் தள்ளுபடி செய்தார்கள். அந்த வீரர் இறந்தது 2013 ஜனவரி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தீர்ப்பாயத்தில் தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தால் மட்டும் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று 2015 மார்ச்சில் ஒரு தீர்ப்பு வந்தது. அணைக்கட்டிலிருந்து ஒரு முன்னாள் சிப்பாய் டெல்லிக்குப் போய் வக்கீல் வைக்க முடியுமா? தீர்ப்பாயத்தோடு அவர் கதை முடிந்தது. நாட்டில் வேறு எந்தக் குடிமகனுக்கும் திறந்திருக்கும் கதவு, சீருடை போட்டிருந்தவனுக்கு மட்டும் சாத்தப்பட்டது. 2023 மார்ச்சில் பரசோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். பார்த்தால், அதன் வழியாக முண்டியடித்துக்கொண்டு நுழைந்தது உங்கள் அமைச்சகம்! டிசபிலிட்டி பென்ஷன் கொடுக்கச் சொன்ன உத்தரவுகளை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் மூட்டை மூட்டையாக ரிட் போட்டீர்கள். தனியாளுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டிய வழி, அவனையே இன்னொரு சுற்று ஓடவைக்கும் வழியாகிவிட்டது.

அப்பீலும் இல்லை, பணமும் வரவில்லை என்று சில உத்தரவுகள் கிடக்கின்றன. தீர்ப்பாயத்தை அவமதித்துப் பேசினால், நடவடிக்கைக்கு இடையூறு செய்தால் தண்டிக்கச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. உத்தரவை மதிக்காமல் கோப்பைக் கிடப்பில் போடும் அதிகாரியை, ஒரு உயர் நீதிமன்றம் அவமதிப்பு வழக்கில் கூப்பிட்டு நிறுத்துவது போல நிறுத்த, தெளிவான அதிகாரம் எழுதப்படவில்லை. நிறைவேற்றக் கோரி இன்னொரு மனுப் போட வேண்டும். ஜெயித்தவனே மறுபடி மனுதாரர்.

உங்கள் தரப்பில் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வசதியான போஸ்டிங்கிலேயே காலம் தள்ளிய சில அதிகாரிகள் கடைசி மாதத்தில் பிரஷர், சுகர் என்று காட்டி டிசபிலிட்டி வாங்கிப் போகிறார்கள், உண்மையாகக் காயம்பட்டவர்கள் பெயர் கெடுகிறது என்பது வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சிப்பாய்களே டீக்கடையில் பேசிக்கொள்வதுதான். ஆனால் அதைப் பிடிக்க வேண்டிய இடம் மெடிக்கல் போர்டு. காரணத்தை ஆளுக்கு ஆள் ஆராய்ந்து எழுதுங்கள், போஸ்டிங் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், பொய் என்றால் பொய் என்று எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே வரியை அடித்துவிட்டு, அப்புறம் எல்லாரோடும் கோர்ட்டில் மல்லுக்கட்டினால் ஏமாற்றுக்காரரும் மாட்டமாட்டார். அவரிடம்தான் நல்ல வக்கீல் இருப்பார்.

தீர்ப்பாயங்களை, தனி அமைப்பு ஒன்று வரும் வரை, சட்ட அமைச்சகத்தின் மேற்பார்வையில் வைப்பதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1997-ல், சந்திரகுமார் வழக்கில் சொன்னார்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தைப் பெயர் சொல்லி அங்கே மாற்றும்படி பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் 2012-ல் உத்தரவிட்டது. அமைச்சகம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வழக்கில் தோற்றுக்கொண்டே இருக்கும் தரப்பு, அந்தக் கோர்ட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொள்ள ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்று வெளியே இருப்பவன் கேட்கத்தானே செய்வான்? தீர்ப்பாயத்தைச் சட்ட அமைச்சகத்திடம் கொடுங்கள். உத்தரவை மீறுபவரைத் தண்டிக்கும் அதிகாரத்தைச் சட்டத் திருத்தம் கொண்டுவந்து எழுதிக் கொடுங்கள்.

இவை இரண்டுக்கும் நாள் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யலாம். ஒரு சுற்றறிக்கை போதும். டிசபிலிட்டி பென்ஷன் உத்தரவை எதிர்த்து அப்பீலோ ரிட்டோ போகலாம் என்று குறிப்பு எழுதும் அதிகாரி, 2013, 2014 தீர்ப்புகள் தீர்த்துவைக்காத எந்தக் கேள்வி இந்த வழக்கில் இருக்கிறது என்று தன் கையெழுத்தோடு ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். எழுத முடியவில்லை என்றால் கோப்பு டெல்லி வக்கீலிடம் போகக் கூடாது, பென்ஷன் வழங்கும் பிரயாக்ராஜ் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்