ஆண்டறிக்கை 2024–25: பழைய மைதானங்களைத் தேடிப் போன வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 நவம்பர் முதல் 2025 அக்டோபர் முடிய நம் சங்கம் செய்த வேலைகளின் அறிக்கை இது.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. சனிக்கிழமைப் பயிற்சி மழை நாட்கள் நீங்கலாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மிச்ச நேரத்தைப் போன பொதுக்குழுவில் போட்ட ஒரு தீர்மானத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து கால்பந்து அணிகள் தலைகீழ்ப் பாடம். நாம் வாழும் மெல்பர்ன் நகரத்தின் பழைய கால்பந்து கிளப்புகளில் ஒன்றின் பெயர்கூடத் தெரியவில்லை. ஆகவே அந்த மைதானங்களுக்கு அவர்களைக் கூட்டிப் போவது என்று முடிவெடுத்தோம். போனோம்.

முதலில் ஆல்பர்ட் பார்க்கில் உள்ள லேக்சைடு மைதானம், சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸின் வீடு. 1959-இல் கிரேக்கக் குடியேறிகள் சேர்ந்து உருவாக்கிய கிளப். அன்றைய உச்சப் போட்டியான தேசிய சாக்கர் லீக்கை நான்கு முறை வென்றது. உலகப் புகழ் பெற்ற ஹங்கேரி வீரர் ஃபெரெங்க் புஷ்காஷ் இங்கே பயிற்சியாளராக இருந்தார். ஏதென்ஸில் பனத்தினைக்கோஸ் அணியை நடத்தியவர் என்பதால் கிரேக்கம் பேசுவார். அவர் சொன்னதை மற்ற வீரர்களுக்கு மொழிபெயர்த்தும், அவரைக் காரில் ஏற்றி இறக்கியும் கூடவே இருந்தவர் அணித் தலைவர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு, ஐந்து வயதில் கிரேக்கத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பையன். 1991 லீக் இறுதிப் போட்டியில், குரோஷியக் குடியேறிகளின் கிளப்பான மெல்பர்ன் குரோஷியாவைப் பெனால்டியில் வென்றார்கள். பிறகு ஆஞ்சே பயிற்சியாளராகி, 2000 ஜனவரியில் இதே கிளப்பை ரியோவின் மரக்கானாவுக்குக் கூட்டிப்போய் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2–0 என்று தோற்றார். 2025 மே மாதம் லண்டனின் டாட்டன்ஹாம் அணியோடு அதே மான்செஸ்டர் யுனைடெட்டை வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினாரே, அன்று நம் வாட்ஸ்அப் குழு விடிய விடியத் தூங்கவில்லை. பிள்ளைகளிடம் கதையைச் சொன்னதும், "அவர் இங்கேயா விளையாடினார்?" என்று ஒருவன் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். உண்மையில் புஷ்காஷ் காலத்து மைதானம் பக்கத்தில் இருந்த மிடில் பார்க். கார்ப் பந்தயப் பாதைக்காக அதை இடித்துவிட்டார்கள். லேக்சைடில் இப்போது புல்லுக்கும் இருக்கைக்கும் நடுவே ஓட்டப்பாதை ஓடுகிறது. கத்தினால் வீரர்களுக்குக் கேட்குமா என்று சந்தேகம் வரும் தூரம்.

இப்படிப்பட்ட கிளப்புகள் எப்படிக் கீழே போயின என்று பிள்ளைகள் கேட்டார்கள். உள்ளதை உள்ளபடியே சொன்னோம். 1977-இல் தொடங்கிய தேசிய லீக்கில் பணம் எப்போதும் இழுபறிதான். பார்வையாளர் கூட்டத்தில் பழைய நாட்டுச் சண்டைகளும் நுழைந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மருந்தாகக் கண்டுபிடித்தது, கிளப்புகளின் பெயரை மாற்றச் சொல்வது. மெல்பர்ன் குரோஷியா 'நைட்ஸ்' ஆனது, பிரெஸ்டன் மெக்கடோனியா 'லயன்ஸ்' ஆனது. 1985-இல் தேசியச் சாம்பியனான பிரன்ஸ்விக் யுவென்டஸ் மேல்மட்டத்திலிருந்தே காணாமல் போனது. 2003-இல் சாக்கர் நிர்வாகத்தை ஆராய்ந்த க்ராஃபோர்டு அறிக்கை வந்தது, 2004-இல் லீக் மூடப்பட்டது. 2005-இல் அதற்குப் பதிலாக ஏ-லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது மெல்பர்ன், சிட்னியின் பழைய குடியேறிகள் கிளப் ஒன்றுக்கும் அதில் இடமில்லை. எவ்வளவு ஜெயித்தாலும் மேலே ஏற வழி கிடையாது, இன்றுவரை. இது அநியாயம் என்பதே என் கருத்து. செயற்குழுவிலும் அதையேதான் சொன்னேன்.

சரி, இருபது வருடம் அவை எப்படித் தாங்கின? பதிலை சன்ஷைன் நார்த்தில், நைட்ஸ் மைதானத்தில் பார்த்தோம். தங்கள் வீரர் மார்க் விடுகாவைக் குரோஷியாவின் டினாமோ சாக்ரெப் கிளப்புக்கு விற்ற பணத்தில் கட்டிய பார்வையாளர் மாடம் அவர் பெயரிலேயே நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கரியடுப்பில் செவாப்பி என்ற இறைச்சி உருண்டைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. கேட், உடை மாற்றும் அறை, கேன்டீன், விளக்குக் கம்பப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். லீக்கில் இருந்தபோதும் அவர்தான் திறந்தார், லீக் போன பிறகும் அவர்தான் திறக்கிறார். இடைவேளையில் நம் பிள்ளைகளிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் அக்டோபர் 4. ஹைடல்பர்க் யுனைடெட், 1958-இல் அலெக்ஸாண்டர் என்ற பெயரில் தொடங்கிய கிளப், ஏ-லீக் அணிகளை வீழ்த்தி, அரையிறுதியில் ஆக்லாந்து எஃப்சியையும் தாண்டி எல்லா மட்டக் கிளப்புகளும் மோதும் ஆஸ்திரேலியக் கோப்பையின் இறுதிக்கு வந்தது. 2022-இல் சிட்னி யுனைடெட் 58 அப்படி வந்தபோது, ஏ-லீக்குக்கு வெளியே இருந்து இறுதி ஆடிய முதல் கிளப் அதுதான். லேக்சைடில் நாங்கள் ஹைடல்பர்கின் மஞ்சள் கறுப்புத் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூடுதல் நேரத்தில் நியூகாசில் ஜெட்ஸ் 3–1 என்று எடுத்துக்கொண்டது. தோற்ற பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

அதே மாதத்தில், ஏ-லீக்குக்குக் கீழே உள்ள கிளப்புகளுக்காக 16 அணிகளோடு ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் தொடங்கியது. சவுத் மெல்பர்ன், பிரெஸ்டன், மார்கோனி, ஏபிஐஏ லைக்கார்ட், வொல்லொங்கொங் என்று பழைய கிளப்புகள் பலவும் அதில் இடம்பெற்றன. 2019-இல் பெயர்த் தடையும் தளர்ந்துவிட்டதால், பழைய பெயர்களை யாரும் இனி ஒளித்துக் கத்த வேண்டியதில்லை. ஏ-லீக்கின் கதவை இது திறக்காது. ஆனாலும் மாநில எல்லை தாண்டி இவர்கள் மறுபடி மோதுவதைப் பார்க்க நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது மூன்று. குளிர்காலப் பருவத்தில் மாதம் ஒரு பழைய மைதானம், டிக்கெட் வாங்கித்தான் போவது, இலவசச் சீட்டு கேட்பதில்லை. அந்த கிளப்புகளின் மூத்தவர்களை நம் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைப்பது. இதைத் தள்ளிப்போட முடியாது, அந்தத் தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாவது நம் சொந்த வேலை. சனிக்கிழமை கேட்டைத் திறந்து மூடுவது இத்தனை நாள் ஒரே குடும்பத்தின் தலையில் இருந்தது. சாவிகளுக்கு நகல் எடுத்தாயிற்று, நான்கு செட் இந்த மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பெயர் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர்