உப்புக்கு ஓர் இரவு, எலுமிச்சைக்கு ஒரு மணி நேரம்

அன்புள்ள கண்ணு,

புகை போடும் முன் கறி எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். வேறு ஒன்றும் எழுதவில்லை. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். குன்னூரில் எல்லாரும் சுகம்.

முதலில் கடிகாரத்தைப் பார்க்காதே, மசாலாவில் என்ன சேர்த்திருக்கிறாய் என்று பார். உப்புதான் கறிக்குள் இறங்கும். இஞ்சி, பூண்டு, மிளகெல்லாம் எவ்வளவு வைத்தாலும் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். உப்புக்கு நேரம் கொடு, புளிப்புக்குக் கொடுக்காதே.

பன்றி முன்னந்தொடை 2, 3 கிலோ முழுசாக என்றால் 12 முதல் 24 மணி நேரம். ஆட்டுத் தொடையும் அப்படித்தான். கோழித் துண்டுக்கு 4 மணி நேரம் போதும், தயிர் மசாலாவில் ஓர் இரவு தாங்கும். மீனுக்கு அரை மணி. எலுமிச்சையோ வினிகரோ தூக்கலாக இருந்தால் கோழியை 2 மணி நேரத்துக்கு மேல் விடாதே. மேல்சதை வெளுத்து மாவாகி, புகையில் காய்ந்து சக்கையாகும். பப்பாளிக்காய் அதைவிட வேகம், அரை மணியோடு நிறுத்து. முந்தின இரவு உப்பும் அரைத்த மசாலாவும் மட்டும் தடவு, எலுமிச்சையைப் புகைக்கு ஒரு மணி நேரம் முன்னால் பிழி.

உப்பு கிலோவுக்கு 15 கிராம். தூள் உப்பு என்றால் தலைதட்டி இரண்டரை டீஸ்பூன் வரும், ஆனாலும் தராசில் போடு. கண்ணளவு உனக்கு எப்போதுமே கூடித்தான் போகும். புளிப்பு சேர்ந்ததை அலுமினியத்தில் வைக்காதே, எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ வை.

ஃபிரிட்ஜில் வை. கொடைக்கானல் குளிரை நம்பி வெளியே வைக்காதே. 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கே பகலில் 15, 18 வந்துவிடும். கை விறைக்கிற குளிரிலும் கறி கெடும்.

நீ அனுப்பிய படத்தில் கோழியின் நிறம் அருமை. உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஆனால் ஓரமெல்லாம் கருப்புப் பிசுக்கு. ஈரத்தோடு ஏற்றியிருக்கிறாய். ஊறினதை எடுத்து மசாலாவை வழித்து, துணியால் ஒற்றி, கம்பித்தட்டில் மூடாமல் ஃபிரிட்ஜிலேயே ஒரு மணி நேரம் விடு. பனிமூட்டத்தில் வெளியே வைத்தால் காயவே காயாது. தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வந்தால் புகை சீராகப் பிடிக்கும். வெல்லம், தேன் ஊறலில் வேண்டாம், கருகிக் கசக்கும். கடைசி அரை மணியில் பூசு. வழித்த மசாலாவைக் கொதிக்க விடாமல் மேலே தடவாதே.

விறகு: கவாத்து பண்ணின பேரிக்காய்க் கிளை, இல்லையென்றால் கொய்யா, நன்றாகக் காய்ந்தது. தைலமரமும் பைனும் வேண்டவே வேண்டாம், எண்ணெயும் பிசினும் கறியில் ஏறிவிடும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் காற்றுவழியைத் திற. மெல்லிசாக நீலமாக ஓடும் புகைதான் வேண்டும்.

அடுப்புச் சூடு 110, 120. கோழிக்கு எலும்போரம் உள்சூடு 74 வரவேண்டும். பன்றி முன்னந்தொடைக்கு 95 என்று குறிப்புகளில் போட்டிருக்கும், அது சமவெளிக் கணக்கு. நீ இருப்பது ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், தண்ணீரே 93-ல் கொதித்துவிடும். 95-க்குக் காத்திருந்தால் கறி வறண்டு போகும். 88 தாண்டினதும் கம்பியைக் குத்திப் பார், தடையில்லாமல் இறங்கினால் எடு. இதற்கு எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். தனியாளாக ராத்திரியெல்லாம் நெருப்போரம் உட்காராதே, காலையில் பற்றவை. சாப்பிட்டுவிட்டுப் பற்றவை.

பாப்பாவுக்கு மிளகாய் இல்லாமல் தனிக் கிண்ணத்தில் இரண்டு துண்டு ஊறவை. தயிர், மஞ்சள், கொஞ்சம் பூண்டு போதும். மருமகளுக்கு நெஞ்சுக்கறி ஆகாது, தெரியும்தானே. அவர்கள் அங்கே இருந்தால் உதவுமே என்றுதான் சொல்கிறேன்.

திரும்பவும் சொல்கிறேன், வெளியே வைக்காதே, ஃபிரிட்ஜில் வை.

சனிக்கிழமை கறி வாங்கும் முன் போன் போடு. எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று நீ சொன்னால்தான் எத்தனை கிலோ, எவ்வளவு உப்பு என்று நான் சொல்ல முடியும்.

அம்மா