கொஞ்சமும் கொஞ்சம்தானும்

அன்பு மகளுக்கு,

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக எழுதப்போகிற ஓஇடி இங்கிலீஷ் பரீட்சைக்குப் பழகிப் பார்த்து, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரெண்டு லெட்டரையும் படித்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இலக்கணம் என்று வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று வார்டுக்கு ஓடிவிடுவாய். எழுதி அனுப்பினால் நைட் டூட்டி முடிந்து வந்து நிதானமாகப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்தேன். அப்பா வயலுக்குப் போயிருக்கிறார், ஆச்சி தூங்குகிறாள். இப்போதைக்கு என்னைக் கூப்பிட ஆள் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓஇடியில் கொடுக்கிற 45 நிமிஷத்தில் முதல் 5 நிமிஷம் நோயாளியைப் பற்றிக் கொடுக்கிற குறிப்பை, அதுதான் கேஸ் நோட்ஸை, படிக்கவே போய்விடும். மீதியில் 180, 200 சொல்லுக்குள் ஒரு லெட்டரை எழுதி முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நீ முடித்திருக்கிறாய். டென்ஸ் சரியாக இருக்கிறது, பத்தி பிரித்ததும் சரி. ஆனால் நான் சிவப்பில் சுழித்த இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே இனம். மெனி, மச், ஃபியூ, லிட்டில், ஸம், எனி, ஆல், ஈச் என்று அளவு சொல்கிற சொற்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இதை ஒரே பீரியடில் அட்டவணை போட்டு முடித்துவிடுவோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து கோடிட்ட இடத்தை நிரப்பிவிடும், மார்க்கும் வாங்கிவிடும். சொந்தமாக ஒரு லெட்டர் எழுதச் சொன்னால்தான் ஆட்டம் காணும்.

இந்தச் சொற்கள் எவ்வளவு என்பதோடு நிற்பதில்லை. அந்த அளவு போதுமா போதாதா என்று எழுதுகிறவர் நினைப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். மற்றவர்களுக்கு அது மார்க் போகிற விஷயம். நீ நர்ஸ். உன் லெட்டரைப் படிக்கிறவர் அதை வைத்து அடுத்த காரியத்தில் இறங்குவார்.

முதல் லெட்டரை எடு. இடுப்பு ஆபரேஷன் முடிந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், அந்த ஊர் கம்யூனிட்டி நர்சுக்கு எழுதுகிறாய். "ஷி இஸ் ஈட்டிங் லிட்டில் நவ்" என்று எழுதியிருக்கிறாய். கேஸ் நோட்ஸ்படி அந்த அம்மா தேறி வருகிறார், கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். நீ சொல்ல நினைத்ததும் அதுதான். ஆனால் நீ எழுதியதைப் படித்தால், ஆள் சரியாகவே சாப்பிடவில்லை, கவனியுங்கள் என்று அர்த்தம். "எ லிட்டில்" என்று அந்த ஒற்றை எழுத்து முன்னால் நின்றிருந்தால் நல்ல செய்தி. அது விழுந்ததும் புகார் ஆகிவிட்டது.

இது தமிழிலும் இல்லாத சங்கதி இல்லை. ஆச்சி காய்ச்சலில் கிடந்தபோது உன் சித்தி தென்காசியிலிருந்து போன் பண்ணி, சாப்பிட்டாளா என்று கேட்டாள். "கொஞ்சம் கஞ்சி குடிச்சா" என்றேன். அப்பாடா என்று வைத்துவிட்டாள். மறுநாள் கேட்டபோது "கொஞ்சம்தான் குடிச்சா" என்றேன். மத்தியானத்துக்குள் பஸ் ஏறி அம்பைக்கு வந்து நிற்கிறாள், கையில் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு. ரெண்டு நாளும் கிண்ணத்தில் குறைந்த கஞ்சி ஒரே அளவுதான். அவளை பஸ் ஏற்றியது அந்த 'தான்'.

ஆகவே எழுதும்போது மனசுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார். 'கொஞ்சம்' என்று வந்தால் "எ லிட்டில்". 'கொஞ்சம்தான்' என்று வந்தால் "லிட்டில்". ஃபியூவுக்கும் இதே கதை. "எ ஃபியூ விசிட்டர்ஸ்" என்றால் நாலு பேர் வந்து பார்த்தார்கள். "ஃபியூ விசிட்டர்ஸ்" என்றால் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. கேஸ் நோட்ஸில் 'எ', 'த' எல்லாம் உதிர்ந்து மொட்டையாக இருக்கும். அதை அப்படியே லெட்டருக்குள் இறக்கினால் இந்த வம்பு வரும். எது நல்ல செய்தி, எது கெட்ட செய்தி என்று முன்பின் பார்த்து 'எ'யைத் திருப்பி வைப்பது உன் வேலை. இன்னொரு குசும்பும் உண்டு: "குவைட் எ ஃபியூ" என்றால் கணிசமான பேர். அங்கே போய் யாராவது குவைட் எ ஃபியூ பேஷன்ட்ஸ் காத்திருக்கிறார்கள் என்றால், டீ குடிக்கப் போய்விடாதே.

அடுத்தது எண்ணுவதா, அளப்பதா என்ற கேள்வி. கேட்கும்போது நாம் இதில் தவறுவதே இல்லை. 'எத்தனை மாத்திரை', 'எவ்வளவு தண்ணீர்' என்று தானாகவே பிரித்துக் கேட்போம். பதில் சொல்லும்போதுதான் எல்லாவற்றுக்கும் 'நிறைய' என்று ஒரே போடு. இங்கிலீஷ்காரர்கள் பதிலிலும் பிரிக்கிறார்கள்: மெனி டேப்லெட்ஸ், மச் வாட்டர். இது உனக்கும் தெரியும். உன்னைக் கவிழ்ப்பது, நாம் எண்ணுகிற பொருளை அவர்கள் எண்ணாமல் விட்டிருப்பதுதான். நாம் நாலு புத்திமதி சொல்வோம், ரெண்டு தகவல் கேட்போம், மூணு சாமான் வாங்குவோம். அவர்களுக்கு அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ் எதற்கும் பன்மையே கிடையாது. நீ "மெனி அட்வைசஸ்" என்றும் "எக்விப்மென்ட்ஸ்" என்றும் எழுதியிருக்கிறாய். உன் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம் கதவிலேயே 'எக்விப்மென்ட்ஸ்' என்று போர்டு இருக்கும், உன்னைச் சொல்லி என்ன.

தாத்தா களத்தில் நெல் அளப்பது உனக்கு மங்கலாகவாவது ஞாபகம் இருக்கும். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம் ரெண்டு, மூணு என்று போகும். 21 மரக்கால் ஆனால் ஒரு கோட்டை. நெல்லை யாரும் எண்ணுவதில்லை, நெல் விழுந்த மரக்காலைத்தான் எண்ணுகிறோம். அட்வைசுக்கும் அப்படி ஒரு மரக்கால் வேண்டும். எ பீஸ் ஆஃப் அட்வைஸ், டூ பீசஸ் ஆஃப் எக்விப்மென்ட், எ பிட் ஆஃப் இன்ஃபர்மேஷன். எண்ணிக்கையும் பன்மையும் பீசோடு நின்றுவிடும், அட்வைசை ஒட்டாது. அரிசியும் அவர்களுக்கு எண்ணாத பொருள்தான், ரைசஸ் என்று யாரும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொல்வதில்லை. ஆனால் பட்டாணியும் பருப்பும் மட்டும் எண்ணுகிற பொருள்: பீஸ், லென்டில்ஸ். அரிசியை விட்டுவிட்டுப் பருப்பை எண்ணுவதில் என்ன நியாயம் என்று என்னிடம் கேட்காதே, வகுப்பிலும் பிள்ளைகள் கேட்பார்கள். அதையெல்லாம் டயட் ஷீட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மச் பற்றி ஒரு வார்த்தை. "ஷி ஹேஸ் மச் பெயின்" இலக்கணப்படி தப்பில்லை, ஆனாலும் காதில் இடிக்கும். மச் இப்போது பெரும்பாலும் 'இல்லை' என்கிற வாக்கியத்திலும் கேள்வியிலும்தான் வசதியாக உட்காருகிறது. நேர் வாக்கியத்தில் பேச்சுக்கு "எ லாட் ஆஃப்", உன் லெட்டருக்கு "கன்சிடரபிள் பெயின்". 'டூ மச்'சை நம் ஊரில் சும்மா 'ரொம்ப' என்ற அர்த்தத்தில் போடுகிறார்கள். அது எல்லை மீறிப்போனதைச் சொல்கிற சொல். டோஸ் பற்றி எழுதும்போது அதைத் தெரியாமல் போட்டுவைக்காதே.

ஸம், எனி இரண்டையும் நான் ரொம்ப வருஷம் ஒரே சூத்திரமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்: நேர் வாக்கியத்துக்கு ஸம், கேள்விக்கும் எதிர்மறைக்கும் எனி. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதற்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஸம் போட்டுக் கேட்டால் 'ஆமா' என்ற பதிலை எதிர்பார்க்கிற கேள்வி. எனி போட்டுக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லச் சௌகரியமான கேள்வி. அதனால்தான் தண்ணீர் வேண்டுமா என்று உபசரிக்கும்போது "வுட் யூ லைக் ஸம் வாட்டர்" என்கிறார்கள்.

இதை அமெரிக்காவில் ஆஸ்பத்திரி விஷயத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜான் ஹெரிடேஜ் என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு, 2007ல் வெளிவந்தது. 20 குடும்ப டாக்டர்கள், 224 நோயாளிகள். என்னென்ன தொந்தரவுக்காக வந்தோம் என்று நோயாளிகள் முன்கூட்டியே தாளில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். முதல் தொந்தரவைக் கேட்டு முடித்த பிறகு, பாதி டாக்டர்கள் "எனிதிங் எல்ஸ்" என்று கேட்க வேண்டும், பாதிப்பேர் "ஸம்திங் எல்ஸ்" என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றே. எனிதிங் என்று கேட்டதற்கும், இப்படிக் கேட்கச் சொல்வதற்கு முன்னால் அதே டாக்டர்கள் வழக்கம்போலப் பார்த்ததற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஸம்திங் என்று கேட்ட இடத்தில், சொல்லாமலே வீட்டுக்குப் போகிற தொந்தரவுகள் 78 சதவீதம் குறைந்துவிட்டன. டாக்டருக்குக் கூடுதல் நேரமும் பிடிக்கவில்லை. உனக்கு ஓஇடி ஸ்பீக்கிங்கில் ரோல் ப்ளே வரும் இல்லையா, அங்கே முடிக்கும்போது "இஸ் தேர் ஸம்திங் எல்ஸ் யூ வுட் லைக் டு டாக் அபௌட்" என்று கேள். பரீட்சைக்கு மட்டும் இல்லை. இப்போது உன் வார்டிலேயே "வேற ஏதாவது இருக்கா?" என்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்டால், நம் ஊர்ப் பெரியவர்கள் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் சொல்வார்கள். ஆச்சியும் அப்படித்தான் சொல்லுவாள். "வேற என்ன செய்யுது, சொல்லுங்க" என்று பக்கத்தில் நின்று கேட்டால் முட்டுவலியிலிருந்து ஆரம்பிப்பாள்.

ரெண்டாவது லெட்டரில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட வரி ஒன்று: "ஆல் த டேப்லெட்ஸ் வேர் நாட் கிவன்." இதைப் படிக்கிறவர், ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சிலது கொடுத்தாயிற்று, சிலது பாக்கி என்றும் எடுத்துக்கொள்ளலாம். நேரில் பேசும்போது குரலை ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடலாம், தாளில் குரல் கிடையாது. ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் "நன் ஆஃப் த டேப்லெட்ஸ் வாஸ் கிவன்" என்று எழுது. வாஸுக்குப் பதில் வேர் போட்டாலும் சரிதான். சிலது பாக்கி என்றால் "நாட் ஆல்" என்று தொடங்கு. அதைவிட நல்லது, எந்த மாத்திரை பாக்கி என்று பேரைச் சொல்லிவிடு. 'ரெண்டு பேரும் வரவில்லை' என்பதையும் "போத் டிட் நாட் கம்" என்று எழுதாதே, "நெய்தர் கேம்" என்று முடி.

மற்றதெல்லாம் சில்லறை. "மோஸ்ட் ஆஃப் பேஷன்ட்ஸ்" கிடையாது. மோஸ்ட் பேஷன்ட்ஸ், இல்லையென்றால் மோஸ்ட் ஆஃப் த பேஷன்ட்ஸ். "ஒன் ஆஃப் ஹர் சன்" என்று ரெண்டு இடத்தில் வருகிறது. பல மகன்களில் ஒருவர்தானே, சன்ஸ் என்று பன்மை வேண்டும். ஈச், எவ்ரி வந்தால் பின்னால் ஒருமை.

லெஸ், ஃபியூவர் சண்டையில் ரொம்பத் தலையைக் கொடுக்காதே. எண்ணுகிற பொருளுக்கு ஃபியூவர் என்பது, ராபர்ட் பேக்கர் என்பவர் 1770ல் தனக்கு அப்படிச் சொன்னால் நன்றாக இருக்கிறது என்று எழுதியது. பின்னால் வந்த வாத்திமார் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். அதற்கு எட்டு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே ஆல்ஃப்ரட் ராஜா எண்ணுகிற பொருளுக்கு லெஸ் போட்டிருக்கிறார். பிரிட்டனில் டெஸ்கோ கடைக்காரர்கள் 2008ல் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' போர்டுக்குப் பதிலாக 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று வைத்து வம்பிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். பரீட்சையில் "ஃபியூவர் எபிசோட்ஸ்" என்றே எழுது, திருத்துகிறவர் பழைய வாத்தியாராக இருந்தாலும் இருப்பார். நேரம், தூரம், பணம், எடை என்றால் லெஸ்தான்: லெஸ் தேன் டூ வீக்ஸ், லெஸ் தேன் 50 கிலோ.

ஒன்று விட்டுப்போயிற்று. நம்பர் கையில் இருக்கும்போது இந்தச் சொற்களின் பக்கமே போகாதே. ஃப்ளூயிட் சார்ட்டில் யாராவது 'எ லிட்டில்' என்று எழுதுவார்களா? 150 மில்லி என்று எழுதுவீர்கள். கேஸ் நோட்ஸில் மூணு தடவை வாந்தி என்று இருந்தால் நீயும் மூணு என்றே எழுது. அதை "செவரல்" என்று அழகுபடுத்தியிருக்கிறாய், தேவையே இல்லை. வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பதற்கு இங்கே என்பிஓ என்று எழுதுவதை அங்கே 'நில் பை மவுத்' என்று படுக்கைக்கு மேலே மாட்டியிருப்பார்கள், அதையும் இப்போதே கண்ணில் பழக்கிக்கொள்.

முதல் லெட்டரை விட்டுவிடு, நான் திருத்தியதைப் பார்த்தால் போதும். ரெண்டாவதை மட்டும் கடிகாரம் வைத்துத் திரும்ப எழுதி அனுப்பு. படம் எடுக்கும்போது ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்து எடு. இந்தத் தடவை கடைசி நாலு வரி உன் கை நிழலில் போய்விட்டது, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன்.

இந்தக் கார் போகத்துக்கும் அப்பா அம்பை 16 நெல்தான் போடுகிறார், வேறு ரகம் பாருங்கள் என்றால் கேட்கிற ஆளா. சித்தி மகன் அடுத்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வருகிறான். கூழ் வத்தலும் மோர் மிளகாயும் கொடுத்துவிடுகிறேன். நீ எக்மோருக்கு அலைய வேண்டாம், ஹாஸ்டலிலேயே வந்து தருவான். உன் டூட்டி நேரத்தை மட்டும் அவனுக்கு மெசேஜ் போட்டு வை.

அன்புடன்,
அம்மா